நாலு பருவத்துக்கும் ஒரே பெட்டி

லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, 'இவர் வண்டி ஓட்டலாம்' என்றோ 'இவர் இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்' என்றோ எழுதிக்கொடுப்பது அவள் உத்தியோகம். பதினேழு வருடங்களாக நகரத்து அலுவலகத்தில் அதைத்தான் செய்துவந்தாள். நேரில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சிவப்புப் பேனா' என்பார்கள். அவள் பேனாவைத் திறந்தாலே வந்தவர்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். அதில் ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

ஒரு கோடையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஐந்து மணி நேர பஸ் பயணத்தில், மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தேர்வு நடத்த ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவள் போய், மூன்று நாள் தங்கி, காத்திருப்பவர்களைச் சோதித்துவிட்டு வர வேண்டும்.

"வருஷத்துக்கு நாலு தடவை! எனக்குன்னு எங்கிருந்துதான் வருதோ" என்று வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

அவள் கணவருக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி காதில் விழுந்தது. அவர் கண்ணாடிச் சாமான் கிடங்கு ஒன்றில் பார்சல் கட்டுகிறவர். அவர் கட்டிய பெட்டியில் ஒரு டம்ளர்கூட உடைந்ததாகப் புகார் வந்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு வீட்டில் பெட்டி கட்ட வாய்ப்பே கிடைத்ததில்லை. இருவரும் எங்கேயும் போகிறவர்கள் இல்லை. பிள்ளைகள் இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். பரண்மேல் கிடந்த பழுப்புப் பெட்டியை அவரே இறக்கி, துடைத்து, கூடத்தின் நடுவில் வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். மூணு நாள். ரெண்டு சட்டை, ஒரு துண்டு, பல் தேய்க்கிற பிரஷ். முடிஞ்சுது கதை."

"மேட்டு ஊரும்மா. சாயங்காலம் ஆனா குளிரும். ஒரு ஸ்வெட்டர் மட்டும்..."

"இந்த வெயில்ல கையில ஸ்வெட்டரோட பஸ் ஏறினா பாக்கறவங்க என்னை நேரா ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடுவாங்க."

பெட்டி திரும்பப் பரணுக்குப் போயிற்று. அவள் தோள்பையோடு கிளம்பினாள்.

அந்த ஊரின் பகல் நகரத்துப் பகல் போலவே கொளுத்தியது. 'பாத்தியா, ஸ்வெட்டராம்' என்று மனசுக்குள்ளேயே கணவருக்குப் பதில் சொன்னபடி லாட்ஜில் அறை எடுத்தாள். சூரியன் சாய்ந்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போலக் குளிர் உள்ளே வந்தது. இரண்டு சட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். துண்டைக் கழுத்தில் சுற்றினாள். காலையில் கண்ணாடியில் பார்த்தால் மூக்கு தக்காளி நிறத்தில் இருந்தது. லாட்ஜ் மேனேஜர் அவள் தும்மலை எண்ணிக்கொண்டே சாவியை வாங்கி மாட்டினார்.

"எல்லாரும் முதல் தடவை இப்படித்தான் மேடம் வருவாங்க. எங்க ஊரு குளிர் ஆறு மணிக்கு மேலதான் டூட்டிக்கு வரும்."

அன்று சோதனைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டாவதாக வந்தவரை ஊரே 'சலவைக்கடை அக்கா' என்று கூப்பிட்டது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பழைய உடைதான், ஆனால் கத்தி வைத்தாற்போல மடிப்பு. பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருக்கும் அவர் கணவருக்கும் சொந்தமாக ஒரு சலவைக்கடை. லாட்ஜ் படுக்கை விரிப்புகள், பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகள், ஏரிக்கரை விடுதியின் மேஜைத்துணிகள் எல்லாம் அங்கேதான் வெளுத்தன. துணியை ஏற்றி இறக்க ஒரு வேன் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வேன் நான்கு மாதமாகக் கடைவாசலில் சும்மா நின்றது.

அக்கா வண்டியை எடுத்த விதமே அவளுக்குப் பிடித்திருந்தது. கிளட்சை விட்டது பூ மாதிரி. கியர் மாற்றியபோது சத்தமே இல்லை. 'இந்த ஊரில் ஒருத்தருக்காவது வண்டி ஓட்டத் தெரிகிறதே' என்று பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டாள். மருந்துக்கடை முக்கில் திரும்பும்போதுதான் அது நடந்தது. அக்கா சாலையை விட்டுவிட்டு முழுசாகத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். கார் தன்பாட்டுக்குப் பழவண்டியை நோக்கிப் போயிற்று. தேர்வுக் காரில் அவள் கால்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அழுத்தினாள். இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் மட்டும் உருண்டன.

"என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க" என்றாள் தும்மலுக்கு நடுவே.

"சரிங்க மேடம்" என்றார் அக்கா. அடுத்த முக்கிலும் அவளைத்தான் பார்த்தார்.

'சாலையில் கவனம் இல்லை. தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதிக் கையில் கொடுத்தாள். அக்கா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆவி பிடிங்க மேடம், சளி கட்டிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பியவள் நான்கு நாள் படுக்கையில் கிடந்தாள். கணவர் கஷாயமும் கையுமாக வந்து போனார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லாமைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சரி, அடுத்த தடவை நீங்களே கட்டுங்க" என்றாள்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து மழைக்காலம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கூடத்தில் பெட்டி வாயைத் திறந்துகொண்டது. அவர் கிடங்கிலிருந்து குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்தார். துணிகளை ஒவ்வொன்றாக அதில் சுற்றினார். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், மடக்குக் குடை ஒன்று, அது மடங்காமல் போனால் நீட்டுக்குடை ஒன்று.

"இது என்னங்க, இத்தனை சாக்ஸ்?"

"பெட்டியில சந்து இருக்கக்கூடாதும்மா. சந்து இருந்தா ஆடும், ஆடினா உடையும். சாக்ஸ் மாதிரி சந்தை அடைக்கிற சாமான் உலகத்துலயே கிடையாது."

"என்கிட்ட உடையறதுக்கு என்ன இருக்கு?"

அவர் அடுத்த ஜோடியைச் சுருட்டினார். சாக்ஸ்கள் எல்லாம் உள்ளே போயின. மொத்தம் பதினோரு ஜோடி.

ஊரில் போய் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டும் பூட்ஸும் அணிந்து, நீட்டுக்குடையை விரித்து, அடுத்தவர்களெல்லாம் ஓட, அவள் மட்டும் சாவகாசமாக நடந்து லாட்ஜுக்குப் போனாள். முடியின் நுனிகூட நனையவில்லை. மனசுக்குள் கணவருக்கு ஒரு சபாஷ் போட்டாள்.

அந்தச் சபாஷ் மறுநாள் மத்தியானம்வரை தாங்கியது. முதல் நாள் தேர்வில், மைதானத்தில் அவள் எல்லைக் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்கமாக வண்டி எடுத்துப் பழகிய ஒரு கல்யாண போட்டோகிராபர் குட்டைக்குள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். மழை சற்று விட்டிருந்ததால் மழைக்கோட்டு நாற்காலியில் கிடந்தது. அவள் சாம்பல்நிற அலுவலகச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை சேறாயிற்று. அறைக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தாள். சாக்ஸ் வந்தது. மேலும் சாக்ஸ் வந்தது. இரண்டாவது அலுவலகச் சட்டை வரவேயில்லை. சந்தை அடைக்கும் மும்முரத்தில் மனிதர் அதைக் கொடியிலேயே விட்டிருந்தார்.

அலுவலகச் சட்டையும் பேட்ஜும் இல்லாமல் தேர்வு எடுக்க விதி இல்லை. அவள் சேற்றுச் சட்டையைக் குழாயில் அலசி, ஜன்னலோரம் போட்டுவிட்டு, தலைவலிக்கிறதென்று கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள். எழுந்து பார்த்தால் சட்டை இல்லை. சாயங்காலம் மேனேஜர் அதைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். உலர்ந்து, வெளுத்து, இஸ்திரி போட்டு, புத்தம்புதுசாக இருந்தது.

"ரூமைப் பெருக்க வந்த பொண்ணு ஜன்னல்ல சொட்டிட்டு இருக்குதுன்னு எடுத்துட்டு வந்துச்சு மேடம். நான்தான் குடுத்து அனுப்பினேன். இந்த மழையில அது காயறதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"எந்தக் கடைக்கு?"

"ஊருக்கே ஒரு கடைதானே மேடம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக் காலை முதல் பெயரே சலவைக்கடை அக்காதான். தேர்வுக்கு வருகிறவர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவள் அவள். மேனேஜரிடம் ரசீது கேட்டாள். ரசீதா என்று அவர் முழித்தார். கேட்டு வாங்கி, எல்லோருக்கும் என்ன கூலியோ அதையே கொடுத்தனுப்பி, ரசீதை ஃபைலில் குத்தி வைத்த பிறகுதான் மூச்சு நேராயிற்று. இருந்தாலும் காலையில் அந்தச் சட்டையைப் போடும்போது கூச்சமாகத்தான் இருந்தது. காலரில் பிரிந்திருந்த நூலை யாரோ தைத்தும் வைத்திருந்தார்கள்.

காரில் ஏறியதும் அக்கா அந்தச் சட்டையைப் பார்த்தார். வைப்பரைப் போட்டார், வண்டியை எடுத்தார். மழையிலும் அதே பூப்போன்ற கிளட்ச். அதே மருந்துக்கடை முக்கு. அதே மாதிரி தலை திரும்பி, புருவத்தைத் தூக்கி, 'சரியா?' என்கிற பார்வை. இவள் வேண்டுமென்றே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அக்கா இன்னும் பதறி, இன்னும் அதிக நேரம் பார்த்தார். தபாலாபீஸ் திருப்பத்தில் கார் நடைபாதையில் ஏறி இறங்கியது.

அலுவலக முற்றத்தில் வண்டி நின்றதும் அக்காவே முந்திக்கொண்டார்.

"சட்டையை நினைச்சு நீங்க சங்கடப்படாதீங்க மேடம். அது என் தொழிலு. இது உங்க தொழிலு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் துவைக்கக்கூடாது, சாயம் போயிடும்."

பதினேழு வருடத்தில் தோற்றுப்போனவர்கள் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், ஒருவர் செருப்பை வீசியிருக்கிறார். தோற்றுப்போனவர் ஒருவர் அவளைத் தேற்றியது இதுதான் முதல் தடவை. சொல்லிக்கொடுப்பது தேர்வாளரின் வேலை அல்ல. ஆனால் காரணத்தை எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்று விதியில் அளவு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் எழுதினாள்: 'வண்டியைக் கையாள்வது மிக நன்று. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சாலைக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"என் வண்டவாளத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்க. இருபத்தெட்டு வருஷமா எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து போனவ நான். எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தவரும் அவர்தான். வாயால எதுவும் சொல்லமாட்டார். உதட்டைக் கடிச்சா மெதுவாப் போகணும். புருவம் ஏறினா பிரேக். மூக்கைச் சொறிஞ்சா தாராளமாப் போகலாம். ரோட்டைவிட அந்த முகத்தைப் பாத்துத்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டதே."

"இப்ப அவருக்குத்தான் ரோடே தெரியாதே?"

"தெரியாதுதான். ஆனா மூஞ்சி மட்டும் பழைய மாதிரியே எல்லாம் செய்யுது. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

முற்றத்தின் ஓரத்தில், குடையைச் சற்று சாய்வாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், அது வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, பதிலுக்குக் காத்திருந்தார். அக்கா போய் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். பெரியவர் மூக்கைச் சொறிந்தார். இருவரும் ஒரே குடைக்குள் மெதுவாக நடந்து போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பி இதையெல்லாம் கணவரிடம் சொன்னாள். பொதுவாக அலுவலக விஷயத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அவர் சட்டையை மறந்ததற்குக் குனிந்த தலை நிமிராமல் இருந்தவர், அக்காவின் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே பேச்சு.

"அந்த அக்கா தினமும் பழகறாங்களாமா? நீயும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கக்கூடாதா? உன் மூஞ்சியை உர்ருன்னு வச்சிருந்தா எனக்கே ஸ்டியரிங் நழுவும்."

"உங்களுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

குளிர்காலப் பயணத்துக்கு அவர் வெறித்தனமாகத் தயாரானார். முதலில் இரண்டு அலுவலகச் சட்டைகளையும் பெட்டியில் வைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டி, 'பாத்துட்டேன்' என்று அவள் வாயால் சொல்லவைத்தார். பிறகு கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், கனத்த கோட்டு, கையுறை. கடைசியாக, தலையையும் காதையும் கழுத்தையும் மூடி, கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் வழி விடுகிற ஒரு பழுப்புக் கம்பளிக் குல்லாவும், அதற்குமேல் சுற்ற ஒரு ஆள் நீளத்துக்கு மஃப்ளரும்.

"குல்லாவை மட்டும் நான் போடவே மாட்டேன். கரடி மாதிரி இருக்கும். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"போட வேண்டாம்மா. ஓரமா இருக்கட்டும். சந்துக்கு."

அந்த ஊரில் இறங்கியதும் மரியாதை பற்றிய அவள் கொள்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, முனகல்தான் வந்தது. தேர்வுக் காரின் ஹீட்டர் போன வாரமே செத்துப்போனதாக அலுவலகக் காவலாளி சொன்னார். ஜன்னல் கண்ணாடி ஒன்று பாதியில் சிக்கி மேலே ஏறவும் மறுத்தது. முதல் இரண்டு பேரைக் கோட்டோடும் மஃப்ளரோடும் சமாளித்தாள். மூன்றாவது ஆளுக்கு மதிப்பெண் போடும்போது பேனா பிடித்த கையே தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. காது இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்தாள். பேசாமல் குல்லாவை எடுத்துக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மேலே மஃப்ளரை மூக்குவரை சுற்றினாள். மூச்சுக்காற்றில் மூக்குக்கண்ணாடி வேறு வெள்ளையாகப் படிந்துகொண்டது.

கதவைத் திறந்த சலவைக்கடை அக்கா ஒரு கணம் ஏறாமல் நின்றார்.

"மேடம்... உள்ள நீங்கதானே?"

"ம்ம்" என்றது கம்பளி.

அக்கா உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, வண்டியை எடுத்தார். மருந்துக்கடை முக்கு வந்தது. வழக்கம்போல் தலை திரும்பியது. அங்கே முகம் எதுவும் இல்லை. கம்பளி, கம்பளிக்கு நடுவில் இரண்டு வெள்ளை வட்டம், அவ்வளவுதான். அக்காவின் புருவம் கேள்வியோடு தூக்கிய இடத்திலேயே நின்றது. சட்டென்று திரும்பிச் சாலையைப் பார்த்தார். சரியான நேரத்தில் ஸ்டியரிங்கைச் சுழற்றினார். கார் முக்கைக் கோடு போட்டாற்போலத் திரும்பியது.

அவள் மூக்குக்கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் விரலால் துடைத்து, அதன் வழியே அக்காவைக் கவனித்தாள்.

தபாலாபீஸ் திருப்பத்தில் தலை பாதிதான் திரும்பியது. கம்பளியின் ஓரம் தெரிந்ததும் நேராயிற்று. பள்ளிக்கூடத் திருப்பத்தில் கால்வாசி. அதற்குப் பிறகு அந்தத் தலை திரும்பவே இல்லை. கண் நேராகச் சாலைக்குப் போயிற்று, பின்கண்ணாடிக்குப் போயிற்று, மறுபடி சாலைக்கு வந்தது. யாரோ ஒருவருடைய நாய் குறுக்கே வந்தபோது அக்கா யாரையும் கேட்காமல் பிரேக் போட்டார். நாய்க்கு ஒரு திட்டும் கொடுத்தார். மேட்டுச் சாலையின் நடுவில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது கார் ஒரு விரலளவுகூடப் பின்னால் வழுக்கவில்லை. இறக்கத்தில் வரும்போது அக்கா தனக்குத்தானே ஏதோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கவனித்துக் கேட்டால், அன்றைக்கு வெளுக்க வேண்டிய துணிகளின் கணக்கு. பயம் போனவர்கள்தான் காரில் உட்கார்ந்து வீட்டு வேலையை யோசிப்பார்கள். அது அவளுடைய பதினேழு வருட அனுபவம்.

முற்றத்தில் வண்டி நின்றது. அவள் கையுறையைக் கழற்றி, சிவப்புப் பேனாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டிச் சூடாக்கி, எழுதினாள்.

"பாஸ்" என்றாள்.

"என்ன மேடம்?"

"பாஸ்!"

"பஸ்ஸா? எந்த பஸ்ஸு?"

அவள் மஃப்ளரைப் பிய்த்து இறக்கி, குல்லாவைக் கழற்றி, தலைமுடி நாலாபக்கமும் நட்டுக்கொண்டு நிற்க, "பாஸ் ஆயிட்டீங்கக்கா!" என்று கத்திவிட்டாள். அலுவலகத்தில் அவள் யாரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அது தன்பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைத் திறக்கத் தெரியாமல் ஜன்னலைத் தடவினார். வெளியே வந்து புருஷனிடம் ஓடினார். பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் எதற்கோ வாக்குவாதம் செய்தார்கள். யார் வேனைத் துடைப்பது என்பதாக இருக்கலாம்.

மத்தியானம் தனியாக டீ குடிக்கும்போது அவளுக்குள் ஒரு சந்தேகம் குடைந்தது. இது நியாயமான தேர்ச்சிதானா? குல்லா இல்லாமல் இருந்திருந்தால்? படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பம், கண்ணாடி பார்த்தல், மேட்டில் எடுத்தல், நிறுத்தல் என்று இருபத்திரண்டு கட்டங்கள். தேர்வாளர் தலையில் என்ன போட்டிருந்தார் என்று ஒரு கட்டமும் இல்லை. இருபத்திரண்டிலும் அக்கா சரியாகத்தான் செய்திருந்தார். செய்தது அக்காவின் கண்ணும் கையும். டீயை நிம்மதியாகக் குடித்து முடித்தாள்.

ஒன்று மட்டும் சொல்லாமல் வர மனசு கேட்கவில்லை. பேருந்து ஏறப் போகிற வழியில் சலவைக்கடை வாசலில் நின்றாள். இனி அக்கா அவளிடம் தேர்வுக்கு வரப்போகிறவர் இல்லை. பேசலாம்.

"ஐயாவைப் பின்சீட்டுல உக்காரவைங்க. கொஞ்ச நாளைக்காவது."

"நேத்தே நினைச்சேன் மேடம்" என்றார் அக்கா, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்து. "சொன்னா கோவிச்சுக்குவாருன்னு பயம். நீங்க சொன்னதா சொல்லிடட்டுமா?"

"அரசாங்க உத்தரவுன்னே சொல்லுங்க."

அடுத்த பயணம் குளிர் போய், மரங்களெல்லாம் துளிர்விட்ட நேரத்தில் வந்தது. இந்தத் தடவை கணவர் கிடங்கில் விடுப்பு எழுதிக் கொடுத்தார். "நாலு பருவத்துல மூணை உன் வாயால கேட்டாச்சு. ஒண்ணையாவது என் கண்ணால பாக்கறேன்" என்றார். இருவரும் சேர்ந்தே பெட்டி கட்டினார்கள். அவள் எடுத்து நீட்ட, அவர் வாங்கி அடுக்க, கம்பளி வேண்டாம், ஒன்று இருக்கட்டும், சரி ஒன்று என்று பேரம் நடந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் மெல்லிய கம்பளி ஆளுக்கொன்று, பருத்திச் சட்டைகள், நடப்பதற்கு லேசான காலணி. அவளுக்கு அலுவலகச் சட்டை இரண்டு. அது போக, அவள் கல்யாணமான புதிதில் வாங்கி நாலைந்து தடவை மட்டும் போட்ட கத்தரிப்பூ நிற மேல்சட்டை ஒன்றை அவர் எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்.

"இது எதுக்கு? வேலைக்குத்தானே போறேன்?"

"மூணு நாள் வேலைக்கு. நாலாவது நாள் சும்மா."

நாலாவது நாள் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று நாள் தேர்வு முடிந்தது. நாலாவது நாள் காலை, கத்தரிப்பூ மேல்சட்டையில் அவள் லாட்ஜ் படியிறங்கியபோது மேனேஜர் யாரோ என்று நினைத்து, அறை காலியில்லை என்று சொல்லிவிட்டார். வாசலில் சலவைக்கடை வேன் நின்றது. ஏரிக்கரை விடுதிக்கு மேஜைத்துணி கொண்டுபோகும் நாள். வருகிறீர்களா என்று அக்கா முந்தின நாளே கேட்டிருந்தார். அக்கா ஸ்டியரிங் பிடித்திருக்க, பெரியவர் பின்னால் துணி மூட்டைகளின் மேல் சாய்ந்து ராஜா மாதிரி கால் நீட்டியிருந்தார்.

"பின்னால அனுப்பினதும் முதல் மூணு நாள் என்கூடப் பேசவே இல்ல" என்றார் அக்கா குரலைத் தாழ்த்தி. "நாலாவது நாள் அந்த மூட்டை மேல தூங்கிப் பாத்தாரு. இப்ப முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு."

"காது கேக்குது எனக்கு" என்றார் பெரியவர் பின்னாலிருந்து.

அவள் கணவரும் பின்னால் ஏறிக்கொண்டார். ஏறியதும் மூட்டைகள் கட்டியிருந்த விதத்தைப் பார்த்து முடிச்சைத் தொட்டார். "இது யார் போட்ட கட்டு?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் பெரியவர். "கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்." அதற்கப்புறம் ஏரி வருகிறவரை இரண்டு பேரும் கயிற்றைப் பற்றியே பேசினார்கள்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் படிவம் இல்லை, பேனா இல்லை. வலது கால் மட்டும் பழக்கதோஷத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு மூன்று தடவை தேடியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. மருந்துக்கடை முக்கை அவள் கவனிக்கவேயில்லை. கவனித்தபோது வேன் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் பூக்கள். திறந்த ஜன்னலில் காற்று வந்து மேல்சட்டையின் கையை ஊதி ஊதிப் பெரிதாக்கியது.

ஏரிக்கரையில் அக்கா வண்டியை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து, விடுதியின் பின்வாசலில் ஒட்டி நிறுத்தினார். மூட்டைகளை உள்ளே கொண்டுபோக அரைமணி ஆகும் என்றார். பெரியவர் வேனிலேயே குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

அவளும் கணவரும் தண்ணீர் வரைக்கும் நடந்தார்கள். ஒரு தட்டைப் பாறை இருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டார். "அய்யோ, சில்லுன்னு இருக்கு" என்று இழுத்துக்கொண்டார். மறுபடி விட்டார்.

"வா, நீயும் விடு."

"யாராவது பாத்தா?"

"பாக்கட்டுமே."

அவள் காலணியைக் கழற்றி வைத்தாள். தண்ணீர் முதலில் கடித்தது, பிறகு பழகியது. சின்னச் சின்ன மீன்கள் வந்து விரலைச் சுற்றின. எதிர்க்கரையில் யாரோ படகுக்கு நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தூரிகை போவதும் வருவதும் இங்கிருந்தே தெரிந்தது. இருவரும் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்கள். படகின் பாதிக்கு வண்ணம் ஏறியிருந்தபோது, மேலே விடுதிப் பக்கமிருந்து அக்கா ஹாரன் அடித்தார்.

"கூப்பிடறாங்க" என்றார் அவர்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றாள் அவள், காலை இன்னும் கொஞ்சம் ஆழத்தில் விட்டபடி. "மறுபடி அடிப்பாங்க. அப்ப போலாம்."